தலைக்கனம்

சித்தி பூச்சி செய்பவள். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, மீன் பார்த்தால் வாயைத் திறக்கும்படியான பொய்ப் பூச்சி. திறக்கிறதா என்று அவள் வேலை செய்யும் பட்டறையில் யாருக்கும் தெரியாது. அங்கே யாரும் மீன் பிடித்ததில்லை. சித்திக்கு மீன் வாடையே ஆகாது.

பூச்சியில் மிதப்பது, மூழ்குவது என்று இரண்டு ஜாதி. சித்தியின் மேசை மூழ்குவதற்கானது. முள்ளின் தண்டில் ஈயக் கம்பியை நெருக்கிச் சுற்றி, ஒரு சொட்டுப் பசை விட்டு, அதை மறைத்து இறகு கட்டுவாள். அதற்கு முன்பு இறகு கழுவும் அறையில் இருந்தாள். அந்தத் தூசியில் இழுப்பு வந்து, ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். மேசைக்கு மாறிய பிறகுதான் படுக்கப் பழகினாள்.

அந்த மேசைக்குத்தான் ஆபத்து வந்தது. வாங்கும் கம்பெனி மாதிரிப் பூச்சிகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. தண்ணீரில் மெதுவாக, கிடைமட்டமாக இறங்குகின்றனவாம். தலை முன்னே போக வேண்டுமாம், தலைப்பக்கம் கனம் கூட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலை வேறு பட்டறைக்குப் போகும், சித்தி இறகு அறைக்குப் போவாள்.

சூப்பர்வைசர் இதை, முடித்த பூச்சிகளைச் சரிபார்ப்பவளிடம் சொல்லி அனுப்பினார். சரிபார்ப்பவள் சித்தியின் நாத்தனார். கல்யாணத்தில் புடவை விஷயத்தில் ஆரம்பித்து இருவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. அவள் வந்து, நாலு பேர் கேட்க, சொன்னதைச் சொன்னபடி சொன்னாள்.

“அண்ணி, உங்களுக்குத் தலைக்கனம் பத்தலையாம். இன்னும் கொஞ்சம் ஏத்தணுமாம்.”

சித்தி நூலை விடாமல் பதில் சொன்னாள்.

“இருக்கிறதே எனக்குப் போதும்னு சொல்லு.”

நாத்தனார் அதையும் அப்படியே போய்ச் சொன்னாள். சூப்பர்வைசர் யோசித்தார். கை தேர்ந்தவள் போதும் என்றால் போதும்தான் என்று விட்டுவிட்டார்.

மாதிரி திரும்பி வந்தது சித்திக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. தானாகவே தடித்த கம்பியாக எடுத்து நடுவில் சுற்றினாள். இப்போது பூச்சி வேகமாக இறங்கியது, ஆனால் அதே கிடைமட்டமாக. அதுவும் திரும்பி வந்தது, இன்னும் ஒரே வாய்ப்பு என்ற எச்சரிக்கையோடு.

சூப்பர்வைசர் சித்தியைக் கூப்பிட்டு, தலைக்கனம் போதும் என்று எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டார்.

“என் தலைக்கு நான்தானே சார் சொல்லணும்?”

கண்ணாடித் தொட்டியில் ஒரு பூச்சியைப் போட்டுக் காட்டிய பிறகுதான் சித்திக்கு விளங்கியது. பக்கத்தில் நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். “கல்யாணமான நாளா இவ என்னை இதைத்தான் சார் சொல்றா. இது ஆபீஸ் வேலைன்னு நான் எப்படிக் கண்டேன்?” நாத்தனார் மறுக்கவில்லை. சொல்லியிருக்கிறேன்தான், ஆனால் அன்றைக்குச் சொன்னது அது இல்லை என்றாள்.

வீட்டில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. போன மாதம் நேர்முகத் தேர்வில், இந்த வேலைக்கு உங்கள் படிப்பு அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் அதைப் பாராட்டு என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சித்தி முள்ளின் தலைப்பக்கம், தூண்டில் நூல் கட்டும் வளையத்தை ஒட்டி, ஒரு பித்தளை மணியைக் கோத்தாள். கம்பியை அதன் பின்னால் நெருக்கிச் சுற்றி, வால்பக்கம் வெறுமனே விட்டாள். தொட்டியில் போட்டால் தலைகுப்புற நேராகப் போனது. நாத்தனார் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒரு குற்றமும் சொல்ல முடியாமல் பெட்டியில் அடுக்கினாள்.

அடுத்த வாரம் அவளே மேசைக்கு வந்தாள்.

“அண்ணி, சரியா இருக்காம்.”

சித்தி நிமிரவில்லை.

“எது?”

“பூச்சிதான்.”

“அப்ப சரி” என்று சித்தி அடுத்த முள்ளை எடுத்தாள்.