அத்தாயி மெழுகிய வாசல்

அத்தாயி குனிந்து, ஈரச் சாணத்தில் பதிந்த காலடி ஒன்றை விரலால் தடவிப் பார்க்கிறாள். வாயில் பச்சை மிளகு. எதையாவது யோசிக்கும்போது மிளகு மெல்லுவது அவள் பழக்கம். "பெருவிரல் இழுக்கலீங்க," என்கிறாள் என்னிடம்.

காலடிக்கு உரியவர் மாதேஸ்வரன். போன ஐப்பசியில் பக்கவாயு அடித்து அவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. இப்போது எழுந்து நடக்கிறார். வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் ஊர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். சரிவில் தானே இறங்கிப் போகவேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

கொல்லிமலையின் இந்தப் பக்கத்தில், இப்படித் தேறியவர்கள் சரிவில் கால் வைக்குமுன் அத்தாயியின் வாசலில் நடந்து காட்டுவார்கள். அவள் மருந்து கொடுப்பதில்லை. அன்று காலையில் வாசலை மெழுகி வைப்பாள். நடக்கவிட்டுத் தடம் பார்ப்பாள். நான் வேலை பார்த்த ரங்கூன் ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அதை நான் சொன்னபோது, "கண்ணு மூடியா காட்டுக்குப் போறாங்க?" என்று சிரித்தாள்.

தடத்தை மட்டுமே அவள் நம்பிய காலம் உண்டு. இதே நோயிலிருந்து எழுந்த அவள் கணவர் குப்புசாமி, இதே வாசலில் பிசகில்லாமல் நடந்தார். தினைக்காட்டுக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். அவர் பாதிச் சரிவில் இருந்தபோது, களியை மறந்துவிட்டாரே என்று மேலிருந்து கூப்பிட்டாள். அவர் திரும்பினார்.

"நடக்க முடிஞ்சுதுங்க அவருக்கு. திரும்பத்தான் முடியல; உருண்டவரு எந்திரிக்கவே இல்லீங்க. நாந்தான கூப்ட்டேன்."

அதனால் இப்போது இன்னொரு சோதனையும் உண்டு. மாதேஸ்வரன் வாசலின் கோடிக்குப் போகும்போது, ஓசையில்லாமல் அவர் பின்னால் போய் நின்று, "அண்ணா," என்றாள்.

அவர் திரும்பினார். இடது முழங்கால் மடங்கியது. விரித்த கைகளோடு அவள் முன்பே தயாராக இருந்தாள்.

அவரைத் தாங்கி நிமிர்த்தினாள். பிறகு அவர் கேட்டார்: "கூப்டாம இருந்தா போயிருவேனே அம்மிணி?"

"கம்புல தூளி கட்டிப் போங்கண்ணா."

"பொணமாட்டம் தூக்கிட்டுப் போனா சம்பந்தி ஊட்ல சோறு எறங்குமா?"

அவர், கூட வந்திருந்த மனைவி பொன்னாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் போனார். அவருடைய துண்டு வாசலிலேயே கிடந்தது.

அத்தாயி அதை எடுத்தாள். கூப்பிடும் தூரம்தான். அவள் கூப்பிடவில்லை. பாதையை விட்டு விலகி, முள்ளுக்குள் புகுந்து ஓடி, அவரைத் தாண்டி எதிரே வந்து நின்று, மூச்சு வாங்கத் துண்டை நீட்டினாள்.