பலா மரத்தடியில் வெள்ளையன் நடந்த நடை

பலாப்பழ வாசனையும், உள்ளங்கையில் சூடேறிய செல்போனும்... இரண்டும் சேர்ந்துதான் அந்த வகுப்பு இன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

கல்லூரிகளெல்லாம் மூடிக் கிடந்த கொரோனா காலம். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனை. அங்கே தங்கி வைத்தியம் பார்த்த டாக்டர் மாலதி, முதியோர் மருத்துவப் பேராசிரியர். வீடுகளில் அடைந்து கிடந்த மாணவர்களுக்கு அங்கிருந்தே ஆன்லைனில் பாடம் எடுத்தார். அதைச் செய்தியாக்கத்தான் வேலூரிலிருந்து போனேன். போன இடத்தில் கேமராமேன் ஆகிவிட்டேன்.

சிக்னல் கிடைத்தது மருத்துவமனை வாசலில் இருந்த பலா மரத்தடியில் மட்டும். அங்கேயும் யாராவது போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"பேப்பர்காரங்க கை ஆடாது. நீங்க புடிங்க சார்" என்று டாக்டர் முடித்துவிட்டார்.

முதியவர்கள் ஏன் தடுக்கி விழுகிறார்கள் என்பது அன்றைய பாடம். வந்திருந்தவர் வெள்ளையன். மேட்டு நிலத்தில் சாமை போடுகிறவர். அங்கே போகிற வழியில் சமீபத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். அதிலிருந்து மகன் காளியப்பன் அவரை வெளியே விடுவதில்லை.

"டாக்டரம்மா சொன்னா நெலத்துக்குப் போ. வேணாம்னு சொன்னா வூட்லயே கெட."

"வூட்ல குந்திகினு இன்னாடா பண்ணுவேன்? கோழி மேய்க்கவா?"

காலையிலேயே ரத்த அழுத்தம், கண், மூட்டு எல்லாம் பார்த்தாயிற்று. குறை ஒன்றும் தெரியவில்லை. இனி நடையைப் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, தரையில் கிழித்த கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். மாணவர்கள் கவனித்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளையன் எழுந்தார். நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

போனில் ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேம்... நடுவுல அப்படியே உறைஞ்சு நின்னுட்டாரு. தூக்கின கால் தூக்கினபடியே இருந்துச்சு. பார்க்கின்சன்ஸா இருக்கலாம்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவன் மாத்திரை வரைக்கும் போய்விட்டான்.

காளியப்பன் முகம் வெளுத்துவிட்டது. "எங்கப்பாவுக்கு இன்னா நோவு மேடம்?"

டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மனிதர் எங்கேயும் நிற்கவில்லையே!

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "உறைஞ்சது நெட்வொர்க்குப்பா, அவர் இல்ல! நானும்தான் பாடத்துக்கு நடுவுல உறைஞ்சுபோறேன். எனக்கும் மாத்திரை எழுதுவீங்களா?"

மீண்டும் நடை. இந்த முறை ஒரு கல்மேல் ஏறி நின்று போனைப் பிடித்தேன். கை வலித்தது... போன் மெல்லக் கீழே சாய்ந்தது.

"சார், ஆளக் காட்டுங்க. கால மட்டும் காட்டறீங்க" என்றார் டாக்டர்.

"வேணாம் மேம், அப்படியே இருக்கட்டும்!" அதே மாணவிதான். "அவர் செருப்பு பெரிசா இருக்கு. விரலை மடக்கி மடக்கிப் புடிச்சுக்கிட்டு நடக்கறாரு பாருங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். புத்தம்புது நீல ரப்பர் செருப்பு. குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது வந்த அப்புறம்தானே விழுந்தீங்க பெரியவரே?" என்று கேட்டார் டாக்டர்.

வெள்ளையன் மகனைப் பார்த்தார்.

"சந்தையில நான்தான் வாங்கியாந்தேன். என் கால்ல போட்டுப் பாத்துதான்..." காளியப்பன் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. "ஏம்ப்பா, பெருசா கீதுன்னு ஒரு வார்த்த சொல்றதுதான?"

"ஆசையா வாங்கியாந்த. எப்டிடா சொல்றது?"

செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார் டாக்டர். வெள்ளையன் கோடு வரை போனார். அங்கே திரும்பவில்லை. மேட்டைப் பார்த்து விறுவிறுவென்று போய்க்கொண்டே இருந்தார்.

"பெரியவரே, திரும்பி வாங்க!"

"போலாம்னுதான சொல்லப்போற டாக்டரம்மா? சாமைய ஒரு பார்வ பாத்துட்டு வர்றேன்!"

போனோடு நானும் பின்னால் ஓடினேன். மரத்தைத் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. திரும்பி வந்தபோது மாணவர்கள் கேட்டார்கள். "சார், ஆளையே காணோம். இதுவும் நெட்வொர்க்கா?"

காளியப்பன் கீழே கிடந்த செருப்பைத் தன் காலில் மாட்டிக்கொண்டார். அளவெடுத்ததுபோல் இருந்தது. அப்பாவைத் தேடி அவரும் மேடேறினார்.

இப்போது அந்தப் பக்கம் டவர் வந்துவிட்டது. கல்லைத் தேடி ஏற வேண்டியதில்லை. டாக்டர் மாலதி கல்லூரிக்கே திரும்பிவிட்டார். பெரிய திரை, உறையாத படம்... ஆனால் போனைச் சாய்த்துக் காலைக் காட்டுவதற்கு ஆள் இல்லை என்று என்னைக் கேலி செய்கிறார்.

எனக்கும் வயதாகிவிட்டது. போன மாதம் மகள் ஆசையாக ஒரு ஷூ வாங்கி வந்தாள். "சரியா இருக்காப்பா?" என்று கேட்டாள்.

"பிரமாதமா இருக்கும்மா" என்றேன்.

விரல்களை மடக்கிக்கொண்டு, கூடத்தில் நடந்தும் காட்டினேன்.