கீரை கடைந்த கை டிரில்

சபுரா பீவி காதர்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பசீர் அகமது ரயிலடிக்கு மூட்டை சுமந்தவர். ஒரே தூக்கில் நாலு மூட்டையும், அதன்மேல் உட்கார்ந்திருந்த முதலாளியும் போவார்கள் என்பார்கள். முதலாளியை நான் பார்த்ததில்லை, மூட்டைகளை நம்புகிறேன்.

அறுபத்து நாலாம் வருஷம் அவரைப் பக்கவாதம் சாய்த்தது. பேச்சு போயிற்று. விழுங்குவதும் சிரமம்.

"பருக்கை நின்னாப் பொரையேறுமுங்க. மைய இருக்கோணும். சாப்பாடு நின்னா ஆளு தாங்கமாட்டார்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மதிய இடைவேளையில் அவள் வீட்டுக்கு ஓடிவருவாள். மத்தில் கடைந்தால் கீரையில் திப்பி நிற்கும். அம்மியில் அரைத்தால் அதற்குள் கம்பெனிச் சங்கு ஊதிவிடும். கம்பெனியில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் திருமூர்த்தி இதைப் பார்த்து, பல்சக்கரம் வைத்த பழைய கை டிரில் ஒன்றின் நுனியில் பித்தளைத் தகடு இரண்டைப் பூட்டிக் கொடுத்தார். பாத்திரத்துக்குள் இறக்கிக் கைப்பிடியைச் சுற்றினால் முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் குழைந்த சோறும் நொடியில் கூழாகும். அந்த இரைச்சலில் அடுத்த தெருக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. நம்பாதவர்கள் கோழிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

பசீர் அகமதுவும் ஒழுங்காகச் சாப்பிட்டு, கன்னம் தேறி வந்தார்.

மார்கழிக் கடைசியில் ரம்ஜான் நோன்பு பிறந்தது. டிரில் இறுகுகிறது என்று அவள் சொன்னதற்குத் திருமூர்த்தி கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். மறுநாள் மதியம் முதல் கவளத்திலேயே பசீர் அகமது வாயை இறுக மூடிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. தண்ணீர் மட்டும் இறங்கியது.

"ஏனுங்க, இத்தன நா உண்டீங்க. இப்ப என்னைய உட்டுட்டுப் போகலாம்னு முடிவு பண்ணீட்டீங்களா?"

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வாசற்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிறகு வேலைக்குப் போனாள். போகாமல் முடியாது.

அன்று மாலை பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் தண்ணீர் குடித்து நோன்பு திறந்தாள். கஞ்சி காய்ச்சத் தெம்பில்லை. மதியம் மிஞ்சியதை ஒரு வாய் எடுத்துப் போட்டாள். போட்டவள் எழுந்து ஓடித் துப்பினாள்.

மிஷின் ஆயில்.

பல்சக்கரத்திலிருந்து கம்பி வழியே கீரைக்குள் இறங்கியிருந்தது. நோன்போடு ருசி பார்க்கக் கூடாதென்று அவள் நாக்கில் வைக்கவே இல்லை. கம்பெனியில் நாள் முழுக்க அந்த வாடையிலேயே கிடந்த மூக்குக்கும் தெரியவில்லை.

திருமூர்த்தியைக் கூட்டிவந்தாள்.

"பல்சக்கரம்னா எண்ண போடோணுமில்லீங்கக்கா?" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

"போடுங்க தம்பி. உங்க ஊட்டுச் சோத்துல ஊத்திப் பாத்துட்டு இங்க போடுங்க."

டிரிலைக் கழற்றிச் சீயக்காய் போட்டுக் கொதிக்கவைத்துக் கழுவி, பல்சக்கரத்தில் தேங்காயெண்ணெய் தடவினார்கள். அவள் புதிதாகச் சோறு குழைத்தாள். முதல் கரண்டியைக் கணவர் பார்க்கத் தன் வாயில் போட்டு விழுங்கினாள்.

"உங்க மேல பழி போட்டுட்டனுங்க. இப்ப பாருங்க."

பசீர் அகமது அவள் முகத்தையே பார்த்தார். பிறகு திருமூர்த்தியைப் பார்த்தார். நல்ல பக்கத்துக் கையைத் தூக்கி அவரை நோக்கி நீட்டினார்.

"என்ன கேக்கறாருங்கக்கா?"

"நீங்களும் ஒரு வாய் திங்கோணுமாம்."

திருமூர்த்தி தின்றார். அதன் பிறகே பசீர் அகமதுவின் வாய் திறந்தது.