சூலத்துக்கு ஒரு விடுதி, ரயிலுக்கு ஒரு விடுதி

அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வராத காலத்தில், எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்குக் கப்பலைவிடப் பெரிய கவலை திருநெல்வேலியில் எங்கே தங்குவது என்பதுதான். தூத்துக்குடியிலிருந்து கப்பல் மாலையில் கிளம்பும். அதைப் பிடிக்கக் காலையில் திருநெல்வேலியில் ரயில் ஏறி, மணியாச்சியில் மாறி, நேரத்தோடு துறைமுகத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே வைத்தியர் நாக்கையும் கண்ணையும் பார்த்த பிறகுதான் படகில் ஏற விடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டி திருநெல்வேலி வந்து சேர ஒரு முழுப் பகல் பிடிக்கும். ஆகவே எப்படிக் கணக்குப் போட்டாலும் ஓர் இரவு அங்கே தங்கித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தடவை போக இருந்தவள் என் அக்கா. அவள் கணவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மகள் பிறந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தாரே தவிர அவளைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைக் கப்பலுக்குத் துறையில் வந்து நிற்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கடுத்த வாரம் முதலாளி அவரை மலைநாட்டுக் கிளைக்கு அனுப்புகிறார். மழைக்காலம் முடியும்வரை அவர் அங்கிருந்து இறங்க முடியாது.

இதற்கு முன்னும் அக்கா ஒரு முறை புறப்பட்டிருக்கிறாள். ஊர் எல்லையில் வண்டிக்காரர் தும்மியதால் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறையும் தடைப்பட்டால் மூன்றாம் முறைக்கு வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘அவளுக்குக் கடல் தாண்டப் பிராப்தம் இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் அப்போது திருநெல்வேலியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி பார்த்து வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்று இடங்களைப் பார்த்தேன். ஆற்றுப் படித்துறைப் பக்கம் இருந்த சத்திரம் விசாலமானது. வாசலை விட்டு இறங்கினால் தாமிரபரணி. ஆனால் கைக்குழந்தையோடும் பெட்டியோடும் அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நடப்பது சிரமம். இரண்டாவது, ஸ்டேஷன் வாசலுக்கு எதிரே, கிழக்குப் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கடை. மாடியில் இரண்டு அறைகள், அவற்றில் ஒன்று பெண்களுக்கு. அடுப்புப் புகை மேலே வரும். எஞ்சின் புகையும் வரும். படுத்தபடியே ஸ்டேஷன் மணி கேட்கும் என்பது அதன் ஒரே பெருமை.

மூன்றாவது விடுதி தண்டவாளத்துக்கு மேற்கே, டவுனிலிருந்து வரும் சாலையில், ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே இருந்தது. சாத்தான்குளத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு அண்ணாச்சி நடத்தினார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் தங்கியிருக்கிறேன். அவ்வளவு சுத்தமான விடுதியை அபூர்வமாகத்தான் பார்த்தேன். முற்றத்தில் கிணறு, அதில் கிறீச்சிடாத உருளை. ஒவ்வொரு அறையிலும் வெள்ளைத் துணியால் மூடிய மண்பானை, அதன் தண்ணீரில் வெட்டிவேர். தரையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடக்காது. அண்ணாச்சி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்ததும் முதலில் வெந்நீர் வேண்டுமா என்றுதான் கேட்பார். எந்த ஊர், எந்தத் தெரு என்பதெல்லாம் பிறகு.

என் யோசனை சாப்பாட்டுக் கடை மாடி. ஆனால் தீர்மானம் என்னுடையதல்ல, எங்கள் தாய்மாமனுடையது. அக்காவைத் தூத்துக்குடி வரை கொண்டுபோய்க் கப்பல் ஏற்றிவிட அவர்தான் வந்திருந்தார். வியாழக்கிழமை விடியுமுன் வண்டி கட்டிவிட்டு, வீட்டுப் பெண்ணை வெள்ளிக்கிழமை படி இறக்கக்கூடாது என்பதையே காரணமாகச் சொன்னவர் அவர். வழி நெடுகப் புது ரயில் பாதைக்கு மண்மேடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்து நின்றது. மூன்று விடுதிகளைப் பற்றியும் நான் சொன்னதை மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏலே, நாளைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி, மாமா.”

“வெள்ளிக்கிழமை சூலம் எங்கன?”

“மேற்க.”

“அப்பம் கிழக்க இருக்க கடையில தங்கிட்டு, மேற்க பாத்து நடந்தா ரயில் ஏறச் சொல்லுத? படிச்ச பய பேச்சா இது?”

சூலம் என்பது அந்தந்தக் கிழமையில் பயணம் ஆகாத திசை. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே ஆகாது. ரயில் என்னவோ வடக்கேயும் கிழக்கேயும்தான் ஓடப் போகிறது. ஆனால் மாமாவுக்கு முக்கியம் ரயில் போகும் திசை அல்ல, பயணம் போகிறவள் எடுத்து வைக்கும் முதல் அடி. சாப்பாட்டுக் கடையிலிருந்து ஸ்டேஷன் மேற்கே இருந்தது. அண்ணாச்சி விடுதியிலிருந்து கிழக்கே. பெட்டிகள் அண்ணாச்சி விடுதியில் இறங்கின.

வெந்நீரில் குளித்துவிட்டு வந்த அக்கா, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “ஸ்டேஷன் வரைக்கும் நடந்து பாத்துட்டு வருவமா தம்பி?” என்றாள். எங்கள் வீட்டில் ரயிலே பார்க்காதவர்கள் பாதிப் பேர். அக்காவும் அதில் ஒருத்தி. வேடிக்கை பார்க்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

விடுதிக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே கேட் அடைத்திருந்தது. புதுப் பாதைக்கு ஜல்லியும் தண்டவாளமும் ஏற்றிய ஒரு நீண்ட சரக்கு ரயில் வண்டி சாலையை மறித்துக்கொண்டு நின்றது. எஞ்சினைக் காணோம். இந்தப் பக்கம் வைக்கோல் வண்டிகள், தயிர்க்காரிகள், மேலப்பாளையத்துக்கு நூல் கொண்டுபோகும் இரண்டு பேர். யாரும் அவசரப்படவில்லை. வழக்கமாக நடப்பதுதான் என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அக்கா கேட்காரரிடம் போனாள்.

“அண்ணே, இது எப்பம் போவும்?”

“எஞ்சின் தண்ணி குடிக்கப் போயிருக்கு தாயி. வந்தா போவும்.”

“காலையிலயும் இப்பிடி நிக்குமா?”

“நிக்கும். நிக்காமலும் இருக்கும். அது வெள்ளைக்கார தொரை நெனப்பு. என்கிட்டயா கேக்கான்?”

நூல்காரர்களில் ஒருவர் சிரித்தார். “நீரு பச்சைக்கொடியைக் கக்கத்துல வச்சிக்கிட்டு என்னத்துக்கு வே நிக்கீரு?”

“பொழுது போகணும்லா.”

அக்கா சிரிக்கவில்லை. அந்த வண்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். பிறகு விடுதிக்குத் திரும்பினாள்.

மாமா முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கேட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவள் வேறொரு இடத்திலிருந்து தொடங்கினாள்.

“மாமா, இன்னைக்கு வியாழக்கிழமைதான?”

“ஆமா.”

“இன்னைக்குச் சூலம் தெக்க.”

“தெக்கதான். அதுக்கென்ன?”

“அப்பம் இன்னைக்குக் கிழக்க போனாத் தோஷம் இல்ல. அந்தக் கடை மாடியில பரஸ்தானம் வச்சிரலாம்லா?”

பரஸ்தானம் வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பயணம் போகிற அன்று நாளோ திசையோ சரியில்லை என்றால், நல்ல நேரத்திலேயே பயணியின் துணிமூட்டையை வெளியே எடுத்து, வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். மூட்டை புறப்பட்டுவிட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. அப்புறம் கிழமையும் சூலமும் பார்ப்பதில்லை. வழக்குக்காக ஒரு சனிக்கிழமை கிழக்கே போக வேண்டி வந்தபோது மாமாவே அப்படித்தான் போனார். அந்தக் கதையை அவர் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

மாமா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

“மூட்டையைத்தான வைக்கணும்? நீ எதுக்குப் போற?”

“மூட்டையில புள்ளைக்குக் காப்பும் கொலுசும் இருக்கு. தெரியாத எடத்துல போட்டுட்டு இங்கன எப்பிடித் தூங்க? நானும் தம்பியும் காவலுக்குப் போறோம். நீங்க இங்கன நிம்மதியாப் படுங்க. காலையில கிழக்க பாத்து வாங்க. உங்களுக்கும் சூலம் இல்ல.”

பஞ்சாங்கப்படி அதில் ஓட்டை எதுவும் இல்லை. மாமா அண்ணாச்சியைப் பார்த்தார். வாடிக்கை போகிறதே என்று அண்ணாச்சி முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய், சூடான பாலை ஒரு செம்பில் ஊற்றி வாழையிலையால் மூடிக் கொண்டுவந்தார்.

“அந்தக் கடையில பாலு தண்ணியா இருக்கும். புள்ளைக்குக் குடும்மா. கேட் தொறந்துட்டான், பைய போங்க.”

பெட்டியும் மூட்டையுமாக நாங்கள் போய்ச் சேர்ந்த சாப்பாட்டுக் கடை மாடியில் நான் எதிர்பார்த்த புகை எல்லாம் இருந்தது. பெண்கள் அறையில் மூட்டைப்பூச்சியும் இருந்ததாக அக்கா காலையில் சொன்னாள். மணியும் நன்றாகக் கேட்டது.

மறுநாள் சீட்டு வாங்கிக்கொண்டு நாங்கள் பிளாட்பாரத்தில் நின்றோம். மாமா வரவில்லை. பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஜல்லி வண்டி மறுபடியும் சாலையை மறித்து நின்றது.

“தம்பி, நீ ஓடிப்போய் மாமாவைப் பாரு” என்றாள் அக்கா. “வரமுடியாட்டா அண்ணாச்சி கட்டித் தாற சோத்தை மட்டும் வாங்கிட்டு வா. மாமாட்ட நான் கும்பிட்டுக்கிட்டேன்னு சொல்லு.” சொல்லிவிட்டுத் தானாகவே பெட்டியில் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதன்முதலாக ரயிலில் கால் வைக்கிறவள் என்று பார்த்தவர் யாரும் சொல்லியிருக்க முடியாது.

கேட்டுக்கு ஓடினேன். ஜல்லி வண்டியின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் மாமாவின் தலைப்பாகை தெரிந்தது. பக்கத்தில் சோற்று மூட்டையோடு அண்ணாச்சி நின்றார்.

“அவ ஏறிட்டாளா?”

“ஏறிட்டா மாமா.”

“எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கா?”

“கிழக்க.”

“நல்லது.”

“வே, குனிஞ்சு அந்தப் பக்கம் போயிரும்” என்றார் அண்ணாச்சி.

“எஞ்சின் எப்பம் வந்து இடிக்கும்னு ஒமக்குத் தெரியுமா? அவளுக்குச் சகுனமா நான் நசுங்கிச் சாகணுமாக்கும்?”

அண்ணாச்சி சோற்று மூட்டையைப் பெட்டிகளை இணைக்கும் கொக்கிக்கு மேலாக நீட்டினார், வாங்கிக்கொண்டேன். மாமா விபூதிப் பையை அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து அதே இடைவெளி வழியாக ஸ்டேஷன் பக்கம் ஊதினார். அதில் பெரும்பகுதி என் மேல் விழுந்தது. இரண்டாம் மணி அடித்தது. நான் ஓடிப்போய், மாமாவுக்குப் பதிலாக அக்காவோடு ரயில் ஏறினேன்.

தூத்துக்குடியில் கப்பல் கரையிலிருந்து வெகு தொலைவில், ஒரு கறுப்புக் கோடு போல நின்றது. அதுவரை படகில் போக வேண்டும். வைத்தியர் அக்காவின் நாக்கைப் பார்த்தார். குழந்தையின் நாக்கைப் பார்க்கப் போனபோது அது அவர் விரலைக் கடித்தது. படகு ஆடியது. ஏறும்போது அக்கா யார் கையையும் பிடிக்கவில்லை, குழந்தையைத்தான் பிடித்திருந்தாள். படகு விலகிய பிறகு கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பிக் கப்பலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கொழும்புத் துறையில் அக்காவின் கணவர் நின்றிருந்தார் என்று, அந்தக் கப்பலிலேயே போய்த் திரும்பிய எங்கள் ஊர் வியாபாரி ஒருவர் வந்து சொன்னார். குழந்தை அவரிடம் போக மறுத்து அழுததாம். அவரும் அழுதாராம்.

பரஸ்தானம் முறைப்படி வைத்ததால்தான் கப்பல் கிடைத்தது என்று மாமா கடைசிவரை சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை, மறுக்க முடியாது. அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் கொழும்புக்குப் போனாலும் அவரிடம்தான் யோசனை கேட்டார்கள். அவர் கிழமையைக் கேட்பார், விரலில் சூலம் எண்ணுவார், எந்தக் கிழமையானாலும் முடிவில் ஒரே பதில்தான் சொல்வார். “அண்ணாச்சி விடுதியில குளிச்சுச் சாப்பிடு. மூட்டையைக் கிழக்க அந்தக் கடை மாடியில கொண்டு வை. வச்சிட்டு, நீயும் அதுக்குப் பக்கத்துலயே படுத்துக்கோ.”