எதுவும் கேட்காத பிள்ளை

துணி காயப்போடும் கொடிக்கம்பிதான் நாகஜோதியின் ரேடியோவுக்கு ஏரியல். மொட்டை மாடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக இழுத்துக் கட்டியிருந்த கம்பியிலிருந்து மெல்லிய வயர் ஒன்று இறங்கி, தண்ணீர்த் தொட்டியின் மறைவில் இருக்கும் பழைய பெட்டிக்குள் போகும். கம்பியில் ஈரத்துணி கிடந்தால் ஸ்டேஷன் எடுக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அது உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் காம்பவுண்டில் இருந்த ஆறு குடித்தனமும் காலை ஆறு மணிக்கு முன்னால் மாடியில் துணி போடுவதில்லை.

ரேடியோ வீட்டுக்காரம்மா பொன்னாத்தாள் கொடுத்தது. பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்து, "பழைய இரும்புக்காரன் அம்பது ரூவாய்க்குக் கேக்கறான். அவனுக்குக் குடுக்கறதுக்கு நீயே வெச்சுக்க கண்ணு, பாட்டாச்சும் கேப்பே" என்று சொல்லிவிட்டுப் போனார். நாகஜோதி பாட்டு கேட்கத்தான் அதைத் திருகினாள். பாட்டு வரவில்லை. மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அந்த இரைச்சலுக்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், ஒரு பெண் எதையோ நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தாள். என்ன மொழி என்று தெரியவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள் நாகஜோதி.

அது மூன்று வருஷத்துக்கு முன்னால். அன்றிலிருந்து காலை ஐந்தேகாலிலிருந்து ஆறு மணி வரை அவள் இந்த ஊரில் இருப்பதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கீழே திருப்பூர் மெல்லக் கண் விழிக்கும். சாயப்பட்டறைப் புகைக்கூண்டின் உச்சியில் புகை வெளுத்து, பிறகு லேசாகச் சிவக்கும். பக்கத்து ஹாஸ்டலில் பீகார்ப் பையன்கள் பல் விளக்கிக்கொண்டே ஹிந்தியில் சண்டை போடுவார்கள். மாடியில் முள் நகர நகர நாடுகள் மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் மத்தளம் மாதிரி ஏதோ அடிப்பார்கள். இன்னோரிடத்தில் ஒரு கிழவர் இருமிவிட்டு மறுபடி பேசுவார். வாசிக்கும் பெண்ணுக்கு ஒரு கண்ணாடியும், மேஜைமேல் ஆவி பறக்கும் ஒரு குவளையும், ஜன்னலுக்கு வெளியே பனியும் இவளாகவே போட்டுக்கொள்வாள். பனியை அவள் பார்த்ததில்லை. வெளுக்காத பனியன் துணியை எடுத்து விரித்த மாதிரி ஒரு நிறத்தில் அதை நினைத்துக்கொண்டாள்.

எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, என்ன கேட்டது என்று எழுதி அனுப்பினால் அந்த நிலையங்கள் பதிலுக்குப் பட அட்டை அனுப்பும். இதை ஒரு வெளிநாட்டு நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். போனில் தட்டி அனுப்பினால் காசில்லை. கலங்கரை விளக்கம், மரப்பாலம், குதிரைக் கூட்டம் என்று இதுவரை பதினேழு அட்டைகள் வந்திருக்கின்றன. பனியன் அட்டைப்பெட்டி ஒன்றில் அவற்றை வைத்திருந்தாள். தனக்காக வீட்டுக் காசிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுப்பதில்லை என்று அவள் ஒரு சபதம் செய்திருந்தாள். அந்தச் சபதத்துக்கு இந்தப் பொழுதுபோக்கு அப்படியே பொருந்தியது.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வந்தவர்கள் அவளும் புருஷன் முனீசும். அவள் ஓவர்லாக் டைலர், அவன் அயர்ன் மாஸ்டர். பத்து வருஷம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபின், ஃபைனான்ஸில் கடன் வாங்கி நாலு மெஷின் போட்டு, மற்றவர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்தார்கள். ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு வேலை கொடுத்த ஒரு பார்ட்டி மூன்று மாதத் தையல் கூலியைக் கொடுக்காமல் போனை அணைத்துவிட்டுப் போய்விட்டான். மெஷின்களை வந்த விலைக்குத் தள்ளினார்கள். கடன் மட்டும் நின்றது. இருவரும் மறுபடி கம்பெனிக்கே போனார்கள், ஒன்றரை ஷிப்ட்.

கடனை அடைப்பதை நாகஜோதி ஒரு வேள்வி மாதிரி செய்தாள். மாதத் தவணைக்கு மேல் ஒரு இரண்டாயிரம் கூடுதலாகக் கட்டினால் வருகிற தையோடு முடிந்துவிடும் என்பது அவள் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கறி முட்டையானது. கேபிளை நிறுத்தினாள். வெட்டு மிச்சத் துணியில் தலையணை, கால்மிதி, சமையல்கட்டுத் திரை எல்லாம் அவளே தைத்தாள். மகள் வேல்விழியின் பள்ளிச் சீருடையை எட்டாம் வகுப்புக்காக அடிமடிப்பைப் பிரித்துவிட்டு நீளமாக்கினாள். பிரித்த இடத்தில் ஒரு கோடு மட்டும் பழைய நீலத்தில் தெரிந்தது.

வேல்விழி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்குமே ஒன்றும் சொல்ல மாட்டாள். "எங்க பாப்பா இது வேணும் அது வேணும்னு வாயத் திறந்ததில்ல" என்று கம்பெனி வேனில் நாகஜோதி பெருமையாகச் சொல்வாள். மற்ற அம்மாக்கள் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் போன் வந்தது. வேல்விழியின் வகுப்பாசிரியை கமலாம்பாள்.

"வேல்விழி அம்மாங்களா? கன்னியாகுமரி டூருக்குப் பேரு குடுக்க நாளைக்குக் கடைசி நாளுங்க. ரெண்டு நாள், ஆயிரத்து எண்ணூறு ரூபா. கிளாஸ்ல உங்க பாப்பா மட்டுந்தான் நோட்டீஸைத் திருப்பித் தரலீங்க. கேட்டா, ஊட்ல வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லுது. ஏனுங்க, தனியா அனுப்பப் பயமுங்களா?"

"டூரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே டீச்சர்."

"அப்பிடீங்களா... கேட்டுப் பாருங்க. நல்ல புள்ளைங்க. ஆனா ரொம்ப அமைதிங்க. எனக்கே சில சமயம் ஒரு மாதிரியா இருக்குதுங்க."

பிற்பகல் முழுக்க நாகஜோதியின் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அன்று அரை ஷிப்டை விட்டுவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தாள். பள்ளிப் பையில் அறிவியல் புத்தகத்துக்குள் நாலாக மடித்த நோட்டீஸ் இருந்தது. பக்கத்தில், பனியன் துணியில் தைத்த சின்னச் சுருக்குப் பை. உள்ளே சில்லறையும் பத்து ரூபாய்த் தாள்களும். வெள்ளிக்கிழமைதோறும் தின்பண்டத்துக்கு என்று கொடுத்த பத்து ரூபாய், ஒன்றுவிடாமல் அப்படியே.

"இது என்னத்தா?"

அரிசி களைந்துகொண்டிருந்த வேல்விழி திரும்பிப் பார்த்தாள். "கடைசித் தவணைக்குத் தரலாம்னு வச்சிருந்தேன்."

"டூருக்கு ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"அது ஒரு மாசம் நீ கூடுதலாக் கட்டுற காசும்மா. போனா, தையில முடியாம மாசிக்குத் தள்ளிப் போயிரும்ல?" பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டு உலையைப் பார்த்தாள்.

"சரி, காச விடு. உனக்குப் போகணும்னு ஆசையா இல்லையா?"

வேல்விழி யோசித்தாள். மறைக்கவோ நடிக்கவோ இல்லை. உண்மையிலேயே உள்ளுக்குள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தெரியலம்மா."

இதே பிள்ளைதான் ஆறு வயதில் அவிநாசித் தேர்க் கூட்டத்தில் ஒரு மரக்கிளிக்காக மண்ணில் புரண்டு அழுதாள். அன்றைக்கு முதுகில் ரெண்டு வைத்து இழுத்து வந்தாள் நாகஜோதி. அந்த அழுகை எந்த வருஷம் நின்றது என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. நின்றபோது சந்தோஷப்பட்டது மட்டும் ஞாபகம் இருந்தது.

முனீஸ் வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "செலவு செலவுன்னு தினம் நாமதான ஓதுனோம். புள்ள படிச்சிருச்சு" என்றான்.

"போகச் சொன்னாலும் வேணாங்குறா."

"கட்டாயப்படுத்தியா ஆசப்பட வைக்க முடியும்? அது எப்பிடின்னு எனக்குத் தெரியல ஜோதி. நமக்கே மறந்துபோச்சு." செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். "உனக்கு மட்டுந்தான் அந்த மாடி இருக்கு."

அவன் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. மூன்று வருஷமாக அந்த முக்கால் மணி நேரத்துக்குள் அவள் யாரையும் விட்டதில்லை. மகள் ஒருமுறை படியேறி வந்தபோதுகூட, "கீழ போய்ப் படி" என்று அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு வேல்விழியைத் தொட்டு எழுப்பினாள். "வா, மேல போவோம்."

மார்கழிப் பனி. மாடித் தரை சில்லென்றிருந்தது. இருவரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு தொட்டியின் மறைவில் உட்கார்ந்தார்கள். ஊர் முழுவதும் சாம்பல் நிறத்தில் மிதந்தது. விளக்குகள் மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி அங்கங்கே எரிந்தன.

"கையக் குடு. இதத் திருப்பு. மெதுவா... ஊசியில நூல் கோக்குற மாதிரி."

இரைச்சல் வந்தது. உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. வேல்விழி காதைப் பெட்டியிடம் கொண்டுபோனாள்.

"கடல் இப்பிடித்தான் சத்தம் போடுமாம்மா?"

"திருச்செந்தூர்ல ஒரு தடவதான் பாத்தேன். கிட்டத்தட்ட இப்பிடித்தான்."

விரல் நகர்ந்தது. இரைச்சல் விலகி ஒரு பெண் குரல் எழுந்தது, நிதானமாக, தாலாட்டுவதுபோல.

"யாரும்மா இது? என்ன சொல்றாங்க?"

"தெரியாது. நானா ஏதாச்சும் நினைச்சுக்குவேன்."

"என்ன நினைப்ப?"

நாகஜோதிக்கு வெட்கமாக இருந்தது. இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கண்ணாடியையும் குவளையையும் பனியையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வேலை முடிந்து அந்தப் பெண் மரப்பாலத்தில் ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போவாள் என்றாள். ஆற்றங்கரையில் அவளுக்கு ஒரு குதிரைகூட உண்டு என்றாள். வேல்விழி வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், புதிதாக யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி.

"இதக் கேட்டா நமக்கு என்னம்மா கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"பின்ன எதுக்கு?"

"பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

மத்தளம் வந்தது, போனது. இருமும் கிழவர் வந்தார், வேல்விழி சிரித்தாள். கிழக்கே புகை சிவக்கத் தொடங்கியபோது, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே மெல்லக் கேட்டாள்.

"டூர் பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைக்குமாம்மா?"

நாகஜோதி போர்வையை மகளின் தோள்மேல் இழுத்துவிட்டாள். "முதல்ல ஓடிப்போய் ஏறுனா கிடைக்கும்."

அன்று காலையே பணத்தை நோட்டீஸோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தனுப்பினாள். சுருக்குப் பையையும் மகளிடமே திருப்பிக் கொடுத்து, "இது கடனுக்கு இல்ல. உன் வயித்துக்கு" என்றாள். அந்த மாதம் தவணையை மட்டும் கட்டினான் முனீஸ். இன்னும் ஒரு மாதம் கடன்காரியாக இருக்கப் போகிறோம் என்று அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. அந்த வலியையும் வைத்துக்கொண்டு மெஷினை மிதித்தாள்.

டூர் போன இரண்டு நாளும் அவள் தைத்ததில் பாதி மறுதையலுக்கு வந்தது. ஒவ்வொரு போன் சத்தத்துக்கும் தூக்கிப்போட்டது. மூன்றாம் நாள் காலை வேல்விழி வந்து இறங்கினாள். முகம் கறுத்து, குரல் கட்டி, ஒற்றைச் செருப்போடு.

"இன்னொண்ணு எங்க?"

"அலை இழுத்துட்டுப் போயிருச்சும்மா! துரத்திக்கிட்டே ஓடுனேன், டீச்சர் கத்துனாங்க!" சொல்லும்போதே சிரிப்பு பொங்கியது. கையிலிருந்த காசையெல்லாம் மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசிக்கும் ஐஸுக்கும் ஒரு தொப்பிக்கும் செலவழித்திருந்தாள். அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று ஒரு பாசிமணிகூட வாங்கி வரவில்லை. அது நாகஜோதிக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை யாரிடம் சொன்னாலும் புரியாது.

அதற்குப் பிறகு காலையில் போர்வைக்குள் இரண்டு பேர். சில நாள் வேல்விழி தூங்கிவிடுவாள். அப்போது நாகஜோதி தனியாகப் போவாள், அதுவும் நன்றாகவே இருக்கும். தை போனது. ஃபைனான்ஸில் ஒரு தவணை பாக்கி நின்றது. அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்குப் பக்கத்து மைதானத்தில் சிலம்பம் சொல்லிக்கொடுப்பதாகவும், தான் சேர வேண்டும் என்றும் வேல்விழி ஆரம்பித்தாள். மாதம் முந்நூறு.

"கடன் முடியட்டும். அடுத்த மாசம் பாக்கலாம்."

"இந்த மாசம்தான் சேக்குறாங்க."

"இப்ப முடியாதுத்தா."

"எப்பக் கேட்டாலும் முடியாது, முடியாது! எனக்குச் சோறு வேணாம் போ!"

உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். அலமாரித் தட்டின் முனையில் வைத்திருந்த டம்ளர் உருண்டு விழுந்தது. சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் ஆடி நின்றது. பக்கத்துக் குடித்தனத்தில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

சாப்பிட உட்கார்ந்த முனீஸ் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தான். கரண்டியோடு நின்றிருந்த நாகஜோதியின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன ஜோதி, புள்ள கதவ உடைக்கிறா, நீ சிரிக்கிற?"

"உடைக்கட்டும், விடுங்க" என்றாள் அவள். குழம்பை அவன் தட்டில் ஊற்றிவிட்டு, மகளுக்கு எடுத்து வைத்த முட்டையைச் சூடு ஆறாமல் மூடி வைத்தாள்.