கஸ்தூரி அக்காவும் காலி கார்டும்

கஸ்தூரி அக்கா மகன் பிரபு போன் செய்தபோது நான் பெங்களூர் ஆஸ்டின் டவுன் மார்க்கெட்டில் கீரைக்காரியை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். "சித்தி, அம்மா காலையில போயிட்டாங்க" என்றான். எடுத்த கீரையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் முதலில் வந்தது. அக்கா போய்விட்டார், அவருடைய கம்ப்யூட்டர் இனி யார் கைக்குப் போகும்?

இதைப் படிக்கிற உங்களில் பல பேர் வீட்டு விசேஷத்தை கஸ்தூரி அக்காதான் வீடியோ எடுத்தார். கேமரா அவர், லைட் நான். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று பெண்கள் மட்டும் இருக்கும் அறைக்குள் ஆண் கேமராக்காரரை விடமாட்டீர்கள், எங்களைக் கூப்பிடுவீர்கள். அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லி என்றால் பயம். ஆட்டோ மேம்பாலத்தில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். "லைட்டை ஆட்டாதடி, செவுத்துல என் நிழலைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்பார். "எனக்குந்தான் அக்கா" என்பேன். அடிக்க வருவார்.

கேசட் இருந்த காலத்தில் வீட்டிலேயே கேமராவையும் வி.சி.ஆர். டெக்கையும் வயரில் கோத்து, வேண்டாததை வெட்டி, பாட்டுச் சேர்த்து மிக்ஸிங் முடிப்பார். வீட்டுக்காரர்களுக்குப் படம் கொடுக்கும்போது, கேமராவில் ஓடிய சின்ன கேசட்டையும் சேர்த்து அந்தப் பெண்ணின் அம்மா கையில் வைத்துவிடுவார். "இந்தாம்மா, உங்க பொண்ணு உங்க கையில. என்கிட்ட ஒண்ணும் இல்ல." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் கொடுத்த காபியை வாயில் வைப்பார்.

பிறகு கேசட் கிடைப்பது குறைந்து கார்டு கேமரா வந்தது. வாங்கிய அன்று அதைக் காதில் வைத்துக் கேட்டார். "சுத்துற சத்தமே இல்லையேடி, எடுக்குதா இல்லையா?"

"உங்க வீட்டுக்காரர் மாதிரி அக்கா. சத்தமே இருக்காது, வேலை நடக்கும்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கார்டு அப்போது விலை அதிகம், கேசட் மாதிரி வீட்டுக்கு ஒன்று கொடுக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஏற்றி எடிட் செய்து, டி.வி.டி. போட்டுக் கொடுப்போம். கார்டில் இருப்பதை அழித்துத் துடைத்து, அதையே அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவோம். "என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று சொல்வதை மட்டும் அக்கா விடவில்லை.

பொம்மனஹள்ளியில் ஒரு மஞ்சள் நீராட்டு எடுத்துவிட்டு வந்து கார்டைப் போட்டால், உள்ளே ஒன்றுமே இல்லை என்றது கம்ப்யூட்டர். அக்காவுக்கு உதடு வெளுத்துவிட்டது. போனதை மீட்டுத் தருகிற கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினோம். ரோட்டைப் பார்த்த கடை. போன் ரிப்பேருக்கு வந்த ஆண்கள் பின்னால் நின்றிருந்தார்கள். கடைக்காரர் என்னென்னவோ தட்டினார். "சிக்கிது மேடம், எல்லாம் கெடைச்சிடுச்சு" என்றார் கன்னடத்தையும் தமிழையும் கலந்து.

எல்லாம்தான் கிடைத்தது. திரையில் பொம்மனஹள்ளிப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால், நாங்கள் எப்போதோ துடைத்துவிட்டோம் என்று நினைத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மணையில் தலைகுனிந்து உட்கார்ந்த விவேக் நகர்ப் பெண்ணின் முகம் திரை முழுக்க நின்றது. அக்கா எப்போது எழுந்தார் என்று தெரியாது. முந்தானையை விரித்துத் திரையை மூடிக்கொண்டு நின்றார். "அண்ணா, ஆஃப் பண்ணுங்க! இதெல்லாம் அழிச்சதுண்ணா!"

"அழிச்சா போயிடாது மேடம். மேல வேற ஏறுற வரைக்கும் உள்ளேயே இருக்கும். பயப்படாதீங்க, என் சிஸ்டம்ல இருந்து இப்பவே டெலீட் பண்றேன்."

"டெலீட் பண்ணினாத்தான் போகாதுன்னு இப்பச் சொன்னீங்களே!"

அவர் படங்களை இறக்கி வைத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி விலைக்குத் தரும்வரை அக்கா திரையை விட்டு நகரவில்லை.

அதோடு விடுவார் என்று நினைத்தேன். மறுநாள் அந்தப் பெண்களின் வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். "அக்கா, துடைப்பத்தாலயே அடிப்பாங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். "எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. கையைப் பிடிச்சுக்கோ" என்றார். பிடித்த கை சில்லென்று இருந்தது.

விவேக் நகரில் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் அக்கா நடந்ததைச் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்தான் கேட்டாள். "எத்தனை பேர் ஆன்ட்டி பார்த்தாங்க?"

யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். "கடைக்காரரு, பின்னால ரெண்டு பேரு. அதுக்குள்ள மறைச்சிட்டேன்மா" என்றார் அக்கா. கதவு மூடிக்கொண்டது. படிக்கட்டில் இறங்கும்போது கேலி செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஒரு கார்டை இரண்டு வீட்டுக்கு அவர் கொண்டுபோனதில்லை. லாபம் போனாலும் போகட்டும் என்று, கேசட் மாதிரியே கார்டையும் அம்மாக்களிடம் கொடுத்தார்.

ஆனால் எடிட் செய்த கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதே. காரியம் முடிந்து நான் அக்கா வீட்டுக்குப் போனபோது, பிரபு அதைக் கடையில் போட்டு வேறு வாங்கப் போவதாகச் சொன்னான். "அம்மா எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க சித்தி, பாருங்க, காலி" என்று திறந்து காட்டினான். அந்தக் காலித் திரையைப் பார்த்து நான் பயந்த மாதிரி வாழ்நாளில் எதற்கும் பயந்ததில்லை. "அம்மா ஞாபகமா ஏதாவது புடவை எடுத்துக்கோங்க" என்றான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனாலும் கழற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மிக்குழவியால் உடைத்தேன். உடைத்த பிறகும் குப்பை வண்டியில் போடக் கை வரவில்லை. துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு பீரோவில் பூட்டியிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்தது தைரியம் என்று எழுத ஆசைதான். வந்தது அவருடைய பயம். அக்கா படமெடுத்த பெண்களுக்கும் அவர்களின் அம்மாக்களுக்கும் சொல்கிறேன், நீங்கள் நிம்மதியாக இருங்கள். பயப்படுகிற வேலையை இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.