அவளைக் கதைக்க விடுங்க

குறுகிய காலப் பல்கலைக்கழகப் பயிற்சியொன்றில் தமிழ் படிக்க வந்த இத்தாலிய மாணவி லூசியா, கல்முனைக்குடியில் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். அவள் தமிழில் கேட்டால், ஓட்டோக்காரர் முதல் என் தம்பி வரை ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அன்று சந்தையில், "சூரை என்ன விலை?" என்றாள். மீன்காரரும் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"காக்கா, அவ தமிழ் படிக்க வந்த பிள்ளை. தமிழில கதைங்க!" என்று மீன்காரரை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் தமிழுக்கு மாறினார். நானே விலை பேசினேன், வெட்டவும் சொன்னேன்.

என்னை அக்கா முறையில் கூப்பிடும் லூசியா என் கையைப் பிடித்தாள். "ராத்தா, இப்ப அவர் தமிழ்தான் கதைக்கிறார். ஆனா உங்களோட."

மீன்காரர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. பையை அவளிடம் கொடுத்துவிட்டு சந்தை வாசலுக்குப் போய்விட்டேன். மீதியைத் தானே தமிழில் பேசி முடித்து, சூரையை வெட்டாமல் முழுதாகத் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி வந்தாள். ஏன் வெட்டவில்லை என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவள் பேச வேண்டிய எத்தனை பேச்சை நான் பேசித் தீர்த்திருப்பேனோ!